வெயிலை எரிபொருளாக்கும் ஆய்வு: ஒளியூக்கியா, மின்பகுப்பா, உமியா?

மூன்றாம் ஆண்டு முடிகிற நேரமானால், முன்பு என்னிடம் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படித்த பிள்ளைகள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்குவார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும், எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்பார்கள். இம்முறை ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் ஒரே விடயத்தைக் கேட்டார்கள்.

ஒருவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பத்துப் பையன், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். "2021 மாரிக்கு யூரியா இல்லாம எங்கட வட்டை முழுக்க வெளிறிப் போய்க் கிடந்தது சேர். வெயிலையும் தண்ணியையும் வச்சு இஞ்சயே பசளை செய்யேலாதா?" என்றார். மற்றவர் சாய்ந்தமருதுப் பிள்ளை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்தில் படிக்கிறா. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாப்பாவின் வள்ளம் நாட்கணக்காகக் கரையில் கிடந்ததை அவ மறக்கவில்லை. இருவருக்கும் ஆசை ஒன்றுதான்: சூரிய ஒளியையும் ஊக்கியையும் கொண்டு எரிபொருளோ பயன்படுகிற இரசாயனமோ செய்யும் ஆய்வு. இருவர் முன்னாலும் அதே மூன்று பாதைகள் இருந்தன: வெயிலில் நீரைப் பிரிக்கும் ஒளியூக்கித் தூள், சோலார் மின்னால் நீரைப் பிரிக்கும் மின்பகுப்பு, உமி, எண்ணெய் போன்ற ஊர்ப் பொருள்கள்.

அவர்களுக்குச் சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

ஊக்கி சக்தியைத் தராது. வினை ஏற வேண்டிய மேட்டைத் தணித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சக்தி வெயிலிலிருந்து வர வேண்டும். ஆகவே ஒரு தலைப்பைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த வினையின் முடிவில் வெயிலின் சக்தி விளைபொருளுக்குள் சேமிக்கப்படுகிறதா? நீரைப் பிரித்தால் சேமிக்கப்படுகிறது. ஒரு மோல் நீருக்கு 237 கிலோயூல் ஏற்றம். சாயத்தை வெயிலில் வெளிற வைத்தால் எதுவும் சேமிக்கப்படுவதில்லை, அது இறக்கத்தில் உருளுகிற வினை. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரு வருடம் பாடுபட்டு எழுதியவை என்பதால் ஒவ்வொரு முறையும் மனம் நோகும்.

இரண்டாவது, விளைபொருளை இங்கே அளக்க முடியுமா? மூன்றாவது, பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, அல்லது கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ மூன்று மாதம் காத்திருந்து எடுக்க வேண்டுமா? நான்காவது, வெளியே தெரியாத செலவு. காசு மட்டும் செலவல்ல, நேரமும் உடம்பும் செலவுதான். கடைசியாக, பட்டம் முடிந்த பிறகு இந்த அனுபவம் உங்களை எங்கே கொண்டுபோய் விடும்?

| | ஒளியூக்கித் தூள் | சோலார் பனலும் மின்பகுப்பும் | உமி, எண்ணெய், சிப்பி |
|---|---|---|---|
| சக்தி சேமிப்பு | நீரைப் பிரித்தால் மட்டும் உண்டு | உண்டு | பயிர் ஏற்கெனவே சேமித்துவிட்டது |
| அளத்தல் | ஜீ.சி. பொறி (வாயுக்களைப் பிரித்து அளப்பது) இல்லாமல் முடியாது | அம்பியர்மானியும் அளவுச்சாடியும் போதும் | தராசு, நியமிப்பு (துளித்துளியாகக் காரம் விட்டு அமிலத்தை அளத்தல்) |
| மூலப்பொருள் | தூள் வாங்க வேண்டும் | நிக்கல், காரம், தூய நீர் | ஊரிலேயே உண்டு |
| பெரிய ஆபத்து | ஐதரசன், ஒட்சிசன் ஒன்றாகக் கலந்து வெளிவருதல் | செறிந்த காரம், குரோமியம், குளோரீன் | மெதனோல், சிலிக்காத் தூசு |
| மாரிகால வெயில் குறைவு | மோசமாகப் பாதிக்கும் | மின் வழங்கியால் சமாளிக்கலாம் | பாதிப்பு இல்லை |
| அடுத்த படி | வெளிநாட்டு மேற்படிப்பு | மேற்படிப்பு, தொழிற்றுறை இரண்டும் | ஊர் ஆலை, சிறு தொழில் |

## ஒளியூக்கித் தூள்

மூன்றிலும் அழகானது இதுதான். நீருக்குள் ஒரு தூள், மேலே வெயில், இடையில் கம்பியோ பனலோ கிடையாது. குறைகடத்தித் துணிக்கை ஒளியை உறிஞ்சியதும் இலத்திரன் மேலே தாவும், கீழே அது விட்டுப்போன வெற்றிடம், அதாவது துளை, மிஞ்சும். இலத்திரன் ஐதரசனை வெளியேற்றும், துளை ஒட்சிசனை. 1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளிபட நீர் பிரிவதைக் காட்டிய நாள் முதல் இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் சக்தி இடைவெளி, அதாவது இலத்திரன் தாவ வேண்டிய உயரம், 3 முதல் 3.2 இலத்திரன் வோல்ற்று வரை. கழியூதாக் கதிருக்கு மட்டுமே அது விழிக்கும். நம்மீது விழும் வெயிலில் கழியூதா நூற்றுக்கு நான்கைந்து பங்குதான், மிச்சமெல்லாம் அதற்கு இருட்டு. ஜப்பானில் டோமென் என்ற இரசாயனவியலாளரின் குழு அலுமினியம் கலந்த ஸ்ரொன்சியம் தைத்தேனேற்றை வைத்து, விழுகிற கழியூதா ஒளித்துணிக்கைகள் ஏறத்தாழ அத்தனையையும் பயன்படுத்திக் காட்டியது. 2021இல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே வகை ஊக்கியால் 100 சதுர மீற்றர் பரப்புக்குத் தட்டுகள் அமைத்து, திறந்த வெளியில் மாதக்கணக்கில் ஓடவிட்டு ஐதரசனைப் பிரித்தும் எடுத்தார்கள். அந்தத் தட்டுகளில் வெயில் ஐதரசனான உச்ச வினைத்திறன் 0.76 சதவீதம்.

அதை நம் ஊருக்குக் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றில் 5 கிலோவாற்று மணி வெயில் என்று வைத்தால், 100 சதுர மீற்றருக்கு 500. அதில் 0.76 சதவீதம் 3.8 கிலோவாற்று மணி. அந்த உச்ச வினைத்திறன் நாள் முழுக்க நின்றால்கூட 115 கிராம் ஐதரசன்தான் வரும். அதே பரப்பில் சாதாரண சோலார் பனலைப் பூட்டி மின்பகுப்புச் செய்தால், இழப்பெல்லாம் போக ஒன்றரைக் கிலோ கிடைக்கும். ஒளியூக்கித் தூள் மலிவானது, பரவலாகப் பூசக்கூடியது என்ற நம்பிக்கையில்தான் உலகம் இன்னும் அதை விடாமல் பிடித்திருக்கிறது. அது நியாயமான நம்பிக்கை என்றே நானும் நினைக்கிறேன்.

உங்களுக்கு வரப்போகும் சிக்கல் அளவில் இருக்கிறது. மாணவர் கையில் ஒரு நல்ல தூள் மணிக்கு 10 மைக்குரோமோல் ஐதரசன் தந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய விடயம். அறை வெப்பநிலையில் அதன் கனவளவு கால் மில்லிலீற்றர். குமிழியாகக்கூடக் கண்ணுக்குப் படாது. அதைப் பிரித்து அளக்க ஜீ.சி. பொறி வேண்டும், மாதிரியைப் பொறிக்குள் சுமந்து செல்லும் காவி வாயு வேண்டும், காற்றுப் புகாத கலம் வேண்டும், பொறியை ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். பொறி இருந்தும் காவி வாயுச் சிலிண்டர் வராமல் நான்கு மாதம் சும்மா இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

பொறி இல்லாதபோது எல்லோரும் மெதிலீன் நீலம் என்ற சாயத்துக்குப் போகிறார்கள். நீலம் போனால் ஊக்கி வேலை செய்தது என்று எழுதுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் நானே பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தேன். மெல்லிய நீலக் கரைசல் நிறைத்த மூன்று போத்தல்களைக் கச்சான் காற்று வீசுகிற ஆடி மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்தோம். ஒன்றில் தூள் போட்டோம். இரண்டாவதில் தூள் இல்லை. மூன்றாவதில் தூள் போட்டு, போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றினோம். பின்னேரம் பார்த்தால் முதலாவது நிறமில்லாத தண்ணீர் மாதிரி. பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவதும் பாதி வெளிறியிருந்தது, சாயம் தானாகவே ஒளியில் உடைந்திருக்கிறது. துணியை அவிழ்த்தால் மூன்றாவதிலும் நிறம் குறைவு. தூளை வடித்துப் பார்த்தோம், நீலம் தூளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு போத்தல்களும் இல்லாமல் முதலாவதை மட்டும் பார்த்திருந்தால் அன்று ஒரு பொய்யை உண்மையென்று நம்பி வீட்டுக்குப் போயிருப்போம்.

சாயம் வெளிறச் செய்வது கழிவுநீர் சுத்திகரிப்புக்கு நல்ல ஆய்வு. அந்தப் பெயரில் செய்யுங்கள், எரிபொருள் என்று தலைப்பு வைக்காதீர்கள். கரைசலில் மெதனோல் சேர்த்து ஐதரசன் எடுப்பதிலும் இதே கவனம் தேவை. அங்கே துளைகளுக்கு இரையாகப் போவது மெதனோல். நீர் முழுதாகப் பிரிந்துவிட்டதாக அதை எழுத முடியாது.

புல்மோட்டை மணலைப் பற்றியும் இருவரும் கேட்டார்கள். நமக்கு மேலே, திருகோணமலை மாவட்டக் கரையில், தைத்தேனியக் கனிமங்களான இல்மனைற்றும் உருத்தைலும் நிறைந்த மணல் கிடக்கிறது. பெரும்பாலும் அப்படியே கப்பலேறுகிறது. அதிலிருந்து நம் பிள்ளைகளே ஊக்கி செய்தால் என்ன என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இல்மனைற்றில் தைத்தேனியத்தோடு இரும்பும் சேர்ந்தே இருக்கிறது. அந்த இரும்பைக் கழற்ற செறிந்த அமிலமும் நீண்ட சூடாக்கலும் வேண்டும், முடிவில் இரும்புச் சல்பேற்றுக் கழிவும் மிஞ்சும். அதுவே ஒரு முழு ஆய்வு. "புல்மோட்டை மணலில் ஊக்கி செய்து, அதால் நீரைப் பிரித்தேன்" என்று ஒரே வருடத்தில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

மேற்பார்வையாளரிடம் ஓடுகிற ஜீ.சி. பொறி இருந்தால், அல்லது பேராதனையிலோ கொழும்பிலோ மாதிரி கொடுத்து அளக்கும் ஒழுங்கு எழுத்தில் உறுதியாக இருந்தால், பிறகு வெளிநாட்டில் திரவியவியல் படிக்கும் எண்ணமும் இருந்தால், இதை எடுங்கள். ஒப்பீட்டுக்குப் பி25 என்ற தராதரத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

## சோலார் பனலும் மின்பகுப்பும்

இங்கே ஒளியைப் பிடிக்கும் வேலை பனலுக்கு, நீரைப் பிரிக்கும் வேலை மின்வாயில் பூசிய ஊக்கிக்கு. இரண்டையும் பிரித்து வைத்ததால் ஒவ்வொன்றையும் தனியே திருத்தலாம்.

மாணவருக்கு இதில் உள்ள பெரிய வசதி, மின்னோட்டமே அளவுகோலாகிவிடுவது. ஒரு அம்பியரை ஒரு மணிநேரம் ஓடவிட்டால், பரடேயின் கணக்குப்படி 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 460 மில்லிலீற்றர் ஐதரசன் வர வேண்டும். அளவுச்சாடியை நீரில் கவிழ்த்துப் பிடித்துப் பாருங்கள், நீராவிக்குரிய திருத்தத்தையும் செய்யுங்கள். குறைந்தால் எங்கே போனதென்று தேடலாம். மேலே சொன்ன கால் மில்லிலீற்றரோடு இதை வைத்துப் பாருங்கள்.

ஊக்கியின் பங்கு வோல்ற்றளவில் தெரியும். கொள்கைப்படி 1.23 வோல்ற்று போதும், உண்மையில் 1.8 அல்லது 2 வரை போகும். அந்த மேலதிகத்தைக் குறைப்பதுதான் ஆய்வு. அமில வகை மின்பகுப்புப் பொறிகளுக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுக்க வருடத்துக்குப் பத்துத் தொன்னுக்கும் குறைவாகக் கிடைக்கிற உலோகம் அது. காரக் கரைசலில் நிக்கலே போதும். அதோடு கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் ஒட்சிசன் வெளியேறுவது வெகுவாக இலகுவாகும். காரத்தில் அழுக்காகக் கலந்திருக்கும் இரும்புகூட நிக்கலில் போய் ஒட்டிக்கொண்டு அதன் திறனைக் கூட்டும். ஆகவே கையிலுள்ள பொற்றாசியம் ஐதரொட்சைட்டு எவ்வளவு சுத்தம் என்று தெரியாமல் "என் பூச்சு நல்லது" என்று எழுத முடியாது. நம் வசதிக்குள் செய்யக்கூடிய, உலகமும் அக்கறையோடு பார்க்கிற கேள்வி இது. சிலிக்கன் கலம் ஒன்று தருவது அரை வோல்ற்றுக்குச் சற்று மேல். நான்கைத் தொடராக இணைத்தால் இடையில் பற்றறி இல்லாமலே வெயிலில் நீரைப் பிரிக்கலாம். மேகம் மறைத்ததும் குமிழி அடங்கும், விலகியதும் பொங்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மறைந்த செலவு நீரிலிருந்து தொடங்குகிறது. ஒரு முறை வாவித் தண்ணீரையே ஊற்றி, துருப்பிடிக்காத உருக்குக் கரண்டிகளை மின்வாயாக்கிப் பார்த்தோம். சற்று நேரத்தில் நீச்சல் தடாகம் மாதிரி ஒரு மணம், குளோரீன். நேர்வாய்க் கரண்டியைச் சுற்றிப் பழுப்புச் சேறு. உப்பு நீரில் ஒட்சிசனோடு குளோரீனும் போட்டிக்கு வரும். கரையோரக் கிணற்று நீரிலும் குளோரைட்டு உண்டு. வாகனப் பற்றறிக்கு விற்கும் தண்ணீரைக்கூடக் கடத்துதிறன் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். காரத்தில் குரோமியம் கலந்த இந்த உருக்கை நேர்வாயாக்கி வோல்ற்றளவைக் கூட்டினால் கரைசல் மஞ்சளாவதைக் காணலாம். அது குரோமேற்று, புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. மஞ்சள் கண்டால் நிறுத்துங்கள், கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் செறிந்த காரத்தைத் தொடவும் வேண்டாம்.

வயல்காரத் தம்பியின் யூரியாக் கேள்விக்கு இங்கே ஒரு பதில் உண்டு. 50 கிலோ யூரியாவுக்கு 28 கிலோ அமோனியா வேண்டும், அதற்கு 5 கிலோ ஐதரசன். ஒரு கிலோ ஐதரசனுக்கு 52 கிலோவாற்று மணி மின்சாரம் என்றால் மொத்தம் 260. கூரையில் 5 கிலோவாற்றுப் பனல் உள்ள வீடு நாளுக்கு 20 அலகு, அதாவது 20 கிலோவாற்று மணி, எடுக்கும். ஆக, ஒரு பை யூரியாவின் ஐதரசனுக்கு மட்டும் அந்தக் கூரையின் பதின்மூன்று நாள் உழைப்பு. அதற்குப் பிறகு ஐதரசனை நைதரசனோடு சேர்க்க வேண்டும். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஹாபர்–பொஷ் முறையில் அது இரும்பு ஊக்கி, 400 பாகைக்கு மேல் சூடு, 150 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கம். இறுதியாண்டு ஆய்வுகூடத்தில் அதைத் தொடக்கூடாது. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணியைத் தாராளமாகத் தொடலாம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதின்மூன்று நாள்தானே சேர்" என்றார் பிறகு. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய பொறி இல்லாத, ஆனால் மின்னை நிதானமாக அளந்து குறிக்கும் பொறுமையுள்ள பிள்ளைக்கு இது பொருந்தும்.

## உமி, எண்ணெய், சிப்பி

வெயிலைப் பிடிக்கும் வேலையை நெல்லும் தென்னையும் செய்து முடித்துவிட்டன. பயிர் விழும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றையோ அதற்கும் குறைவாகவோதான் சேமிக்கும், ஆனால் நமக்குப் பனல் செலவு இல்லை. ஒரு தொன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. கிலோவுக்கு 14 மெகாயூல் என்றால் அதற்குள் 780 கிலோவாற்று மணி வெப்பம் கிடக்கிறது. அம்பாறை, மட்டக்களப்பு ஆலைகளின் பின்னால் குவிந்திருக்கும் உமி மேடுகளைப் பார்க்கும்போது இந்த எண் எனக்கு நினைவுக்கு வரும்.

எரித்த பின் சாம்பல் உமியின் ஐந்தில் ஒரு பங்கு, அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சுடு காரத்தில் கரைத்து எடுத்தால் ஊக்கியைத் தாங்கும் தளமாகவோ சியோலைற்று என்ற நுண்துளைப் பொருளாகவோ மாற்றலாம். நான் பரிந்துரைப்பது இந்தக் கிளையைத்தான். ஆனால் எரிக்கும் சூடு 700 பாகையைத் தாண்டினால் சிலிக்கா பளிங்காகத் தொடங்கும். பிறகு காரத்தில் இலேசில் கரையாது, அதன் தூசு நுரையீரலுக்கும் கேடு. ஆலைச் சாம்பலை அப்படியே அள்ளி வந்தால் எந்தச் சூட்டில் எரிந்ததென்று தெரியாது. உமியாக வாங்கி, சூளையில் நீங்களே எரியுங்கள்.

மற்றக் கிளை, பொரித்த தேங்காய் எண்ணெயில் டீசல் செய்வது. எண்ணெய் மூலக்கூறு ஒன்றுக்கு மெதனோல் ஆறு, 60 பாகைச் சூடு, சுட்டெடுத்த சிப்பி அல்லது முட்டைக்கோதிலிருந்து வரும் கல்சியம் ஒட்சைட்டு ஊக்கி. இலகுவாகத் தெரியும். பல தடவை பாவித்த எண்ணெயில் சுயாதீனக் கொழுப்பமிலம் கூடியிருக்கும், நியமித்துப் பார்க்காமல் தொடங்கினால் போத்தல் நிறையச் சவர்க்காரம்தான் கிடைக்கும். ஈரக் காற்றில் மூடாமல் வைத்த கல்சியம் ஒட்சைட்டு விடிவதற்குள் நீற்றுச் சுண்ணாம்பாகத் தொடங்கிவிடும், ஊக்கி செத்த மாதிரி. இன்னொன்று: சந்தையில் வரும் மெதனோல் பெரும்பாலும் இயற்கை வாயுவிலோ நிலக்கரியிலோ செய்தது. ஆகவே "முழுக்கப் பசுமை" என்று எழுத இடமில்லை. மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு என்பதையும் வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

படித்துவிட்டு ஊரிலேயே நிற்கப்போகிறவர்களுக்கு, ஆலைக்காரரோடு பேசிப் பழகக்கூடியவர்களுக்கு இந்தப் பாதை நல்லது.

## காபனீரொட்சைட்டிலிருந்து மெதனோல்?

கேட்டார்கள், அதனால் ஒரு வரி. கலத்தில் ஒட்டியிருந்த அழுக்கிலிருந்தும் காபன் வரும். விளைபொருளிலுள்ள காபன் காபனீரொட்சைட்டிலிருந்துதான் வந்ததென்று நிறுவ, அடையாளமாகப் பாரம் கூடிய காபன்–13 கொண்ட வாயுவும், மூலக்கூறின் திணிவைப் பார்க்கும் திணிவு நிறமாலைமானியும் வேண்டும். அது இல்லாமல் இறங்க வேண்டாம்.

## நானானால்

எனக்கு மனம் ஒளியூக்கியில், கை மின்பகுப்பில். அளக்க முடியாத அழகான வினையைவிட, அளந்து பிழை பிடிக்கக்கூடிய எளிய வினை ஒரு பிள்ளையை நல்ல இரசாயனவியலாளராக்கும் என்பது இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு வந்த முடிவு. சாய்ந்தமருதுப் பிள்ளை நிக்கல்–இரும்புப் பூச்சை எடுத்துவிட்டா. தம்பி இன்னும் புல்மோட்டை மணலை விடவில்லை. மணலிலிருந்து இரும்பைக் கழற்றும் பகுதியை மட்டும் இந்த வருடம் செய்யும்படி சொல்லியிருக்கிறேன்.

எதை எடுத்தாலும் நாட்காட்டியைப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் இறங்கினால் தை வரைக்கும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் நம்பிச் செய்யும் வெயில் கிடையாது, படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் போய்விடும். வெயில் வேண்டிய பரிசோதனைகளைப் புரட்டாதிக்குள் முடித்து, மழைக்காலத்தை உள்ளே செய்யும் அளவீட்டுக்கும் எழுத்துக்கும் வையுங்கள். தலைப்புப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன், ஆய்வுகூடத்துக்குப் போய் நீங்கள் நம்பியிருக்கும் பொறியின் ஆளியைப் போட்டுப் பாருங்கள்.